பத்து மணி என்றால் பத்து மணிக்கே தொடங்குங்கள்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயலவையினர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற சனிக்கிழமை கோலாலம்பூரில் நம் வணிகர் சங்கம் நடத்திய இ-இன்வாய்ஸ் (விற்பனை ரசீதை மின்னணு முறையில் வரி வாரியத்துக்கு அனுப்பும் முறை) விளக்கக் கூட்டத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அழைப்பிதழில் போட்டிருந்த நேரம் காலை 10. குத்துவிளக்கு ஏற்றியது 11.15-க்கு. சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

மஸ்ஜித் இந்தியா, லெபோ அம்பாங், பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருக்களில் சனிக்கிழமை காலை எப்படிப்பட்ட நேரம் என்பது கடை வைத்திருக்கும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒற்றை ஆளாகக் கடை நடத்துபவர் ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் வர முடியும். மண்டபத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய 80 பேர். ஆளுக்கு ஒன்றேகால் மணி நேரம் என்றால் 100 மணி நேர வியாபாரம். அதை எடுத்துக்கொண்டதற்கு மேடையில் ஒருவர்கூட வருத்தம் தெரிவிக்கவில்லை.

அதைவிட மனத்தை வருத்துவது வேறொன்று. வரி ஆலோசகருக்கு நிகழ்ச்சி நிரலில் ஒதுக்கியிருந்தது 45 நிமிடம், கிடைத்தது 15. மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு முன்வரிசையில் அவர் காத்திருந்தார். பேசத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே, முடித்துக்கொள்ளும்படி அவர் கையில் துண்டுச் சீட்டு கொடுக்கப்பட்டது. உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்த கேள்விகள் மேசையிலேயே கிடந்தன. ஆண்டு விற்பனை 100 மில்லியன் வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டிய நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட் 1-இல் தொடங்கிய இந்த இ-இன்வாய்ஸ் நடைமுறை, 2026 ஜனவரி 1 முதல் 1 மில்லியனுக்கு மேல் 5 மில்லியன் வரை விற்கும் கடைகளுக்கும் வந்துவிட்டது. கல்யாணப் பட்டு விற்பவர் கேட்டிருந்தார்: ஒரே ரசீதில் 10,000 வெள்ளியைத் தாண்டும் விற்பனையை மாதத் தொகுப்பில் (ஒரு மாத ரசீதுகளை ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் இன்வாய்ஸில்) சேர்க்கக்கூடாது என்ற விதி, புதிதாக இம்முறைக்கு வந்ததால் சலுகைக் காலத்தில் இருக்கும் கடைக்கு எப்போதிலிருந்து பொருந்தும்? இன்னொருவர் கேட்டது: தவறாகப் போன இன்வாய்ஸை 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம் சரி, அதைத் தவறவிட்டால் எப்படித் திருத்துவது? இந்தக் கேள்விகளுக்காகத்தான் அவர்கள் கடையை அடைத்துவிட்டு வந்தார்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே. சொன்ன நேரத்தில் தொடங்குங்கள்.

விருந்தினருக்கு இதனால் மரியாதைக் குறைவு வராது. அவருடைய உதவியாளரை முதல் நாள் மாலை ஒரு முறையும், அன்று காலை அவர் புறப்படும் நேரத்தில் ஒரு முறையும் அழைத்துக் கேட்டால் போதும், தாமதம் முன்கூட்டியே தெரிந்துவிடும். முன்வரிசையில் இரண்டு நாற்காலிகளை ஒதுக்கி, வாசலில் செயலவை உறுப்பினர் ஒருவரை நிறுத்துங்கள். விருந்தினர் வந்ததும் அமைதியாக அழைத்து வந்து உட்கார வைக்கட்டும். நடந்துகொண்டிருக்கும் அங்கம் முடிந்தபின் அவருக்கு 5 நிமிடம் கொடுக்கலாம். பேசிக்கொண்டிருப்பவரைப் பாதியில் நிறுத்தி எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்வது, அழைத்து வந்த பேச்சாளரை அவமதிப்பதாகும்.

பொன்னாடையையும் பாருங்கள். அறிவிப்பு, கைதட்டல், படம் எடுப்பது எல்லாம் சேர்ந்து ஒருவருக்கு 2 நிமிடம் ஆகிறது. அன்று 12 பேருக்குப் போர்த்தினீர்கள். பேச்சாளர் இழந்த நேரத்தில் பெரும்பகுதி அங்கேதான் போயிற்று. முதன்மை விருந்தினருக்கு மட்டும் போர்த்திவிட்டு, மற்றவர்களுக்குக் கூட்டம் முடிந்தபின் நினைவுப் பரிசு கொடுக்கலாம். வரவேற்பில் டான்ஸ்ரீ, டத்தோ, மாண்புமிகு என்று ஒரு முறை வரிசையாகச் சொன்னால் போதுமே, பேசுகிற ஒவ்வொருவரும் அந்தப் பட்டியலை முதலிலிருந்து வாசிக்க வேண்டுமா?

மற்றவை சின்ன வேலைகள். பதிவு மேசை 9.30-க்குத் திறக்க வேண்டும். ஒலிவாங்கியையும் புரொஜெக்டர் கம்பியையும் அதற்கு முன்பே பேச்சாளரின் கணினியோடு பொருத்திப் பார்த்துவிட வேண்டும். உணவு மூடியைக் கேள்வி நேரம் முடியும்வரை திறக்கக்கூடாது, திறந்தால் பாதி மண்டபம் எழுந்து போய்விடும்.

வங்கியில் கடன் அதிகாரியைச் சந்திக்கப் போகும்போது நாம் யாரும் தாமதமாகப் போவதில்லை. சீன மொத்த வியாபாரியின் அலுவலகத்தில் அவர் நீட்டும் அட்டையை இரண்டு கையாலும் வாங்கி, பெயரைப் படித்துவிட்டுத்தான் பைக்குள் வைக்கிறோம். மலாய்ப் பெண் அதிகாரி கை நீட்டும்வரை நாம் கை நீட்டுவதில்லை, நெஞ்சில் கைவைத்து வணக்கம் சொல்கிறோம். நம் ஆட்கள் கூடும் இடத்தில் மட்டும் அந்த ஒழுங்கு எங்கே போகிறது? மேடையில் உட்கார்ந்துகொண்டே போனில் பேசுகிறார்கள். அதற்கு முந்தைய கூட்டத்தை வெள்ளிக்கிழமை நண்பகல் 1 மணிக்கு வைத்தீர்கள். தொழுகைக்குப் போக வேண்டிய தமிழ் முஸ்லிம் உறுப்பினர்கள் எப்படி வருவார்கள்? அவர்களும் சந்தா கட்டுகிறவர்கள்தானே? தேதி முடிவு செய்த நாளன்று செயலவையில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை என்பதை ஏற்க முடியவில்லை.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சம்பளம் வாங்காமல் சங்க வேலை பார்க்கிறீர்கள் என்பதை நாங்கள் மறக்கவில்லை. அந்த உழைப்பு வீணாகக்கூடாது என்பதால்தான் பணிவோடு கேட்கிறோம். அடுத்த அழைப்பிதழில், “யார் வந்தாலும் வராவிட்டாலும் கூட்டம் மணி 10-க்குத் தொடங்கும்” என்று அச்சிடுங்கள், அதன்படி தொடங்குங்கள். நிகழ்ச்சி நிரலை ஒவ்வொரு அங்கத்துக்குமான நிமிடக் கணக்கோடு 7 நாளுக்கு முன் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்புங்கள். கூட்டம் முடிந்த ஒரு வாரத்துக்குள் என்ன முடிவானது, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.

அன்று மேசையில் கிடந்த கேள்விச் சீட்டுகள் செயலாளரிடம் இருக்கும் என்று நம்புகிறோம். அவற்றை வரி ஆலோசகரிடம் சேர்த்து எழுத்தில் பதில் வாங்கித் தாருங்கள். முடிந்தால் கடை அடைத்தபின், இரவு 9 மணிக்கு, மேடையும் மாலையும் இல்லாமல் ஒரு மணி நேரம் அவரை மீண்டும் பேச அழையுங்கள். நாங்கள் 8.50-க்கே வந்து உட்கார்ந்திருப்போம்.

இப்படிக்கு,
மஸ்ஜித் இந்தியா, லெபோ அம்பாங் வட்டாரச் சிறுகடை உறுப்பினர்கள்