போயாக் 1996: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

ஓய்வு பெற்ற உன் முதலாளி உனக்குக் கொடுத்துச் சென்ற 1996ஆம் ஆண்டுப் போயாக் சிவப்பு ஒயினை வரும் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குத் திறக்கப் போவதாகவும், காலையிலேயே டிகாண்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றிக் காற்றாட வைக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போயாக், பிரான்சின் போர்தோ நகரத்துக்கு வடக்கே ஜிரோந்த் கழிமுகத்தின் இடது கரையில் இருக்கிறது. அங்குள்ள கூழாங்கல் மேடுகளில் விளையும் காபர்நே சோவினியோன் தாமதமாகப் பழுக்கும் திராட்சை. 1996 அதற்கு அருமையாக வாய்த்த ஆண்டு. மெர்லோ என்ற வேறு வகைத் திராட்சையை நம்பியிருந்த வலது கரை ஊர்களுக்கு அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. உன் புட்டி 1855ஆம் ஆண்டுத் தரவரிசையில் ஐந்தாம் படியில்தான் இருக்கிறது என்று குறைப்பட்டிருந்தாய். அது பாரிஸ் கண்காட்சிக்காக அன்றைய விற்பனை விலைகளைப் பார்த்துத் தரகர்கள் வகுத்த பட்டியல். 1973இல் மூத்தோன் ரோத்ஷில்ட் என்ற ஒயின் பண்ணை முதல் படிக்கு ஏறியதைத் தவிர ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. அதை மறந்துவிடு.

இளம் போயாக்கைக் குடித்தால் கடுக்காயைக் கடித்ததுபோல் ஈறெல்லாம் இறுகும். திராட்சையின் தோலும் விதையும் ஓக் பீப்பாயும் தரும் துவர்ப்பு அது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தத் துவர்ப்புப் பொருள்களும் நிறப் பொருள்களும் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, கரைந்து நிற்க முடியாமல் மண்டியாக அடியில் படிகின்றன. அதனால்தான் ஊதா நிறம் மங்கி, கோப்பையைச் சாய்த்துப் பார்க்கும்போது விளிம்பில் செங்கல் நிறம் தெரிகிறது. பழ வாசனை பின்வாங்கி, தேவதாரு, சுருட்டுப் பெட்டி, பழைய தோல், மழையில் நனைந்த இலைக்குப்பை, காளான் என வேறு வாசனைகள் முன்வருகின்றன. இளம் ஒயினுக்குக் காற்று நல்லது. முப்பது வயதை ஒட்டிய ஒயினில் மிச்சமிருக்கும் நுண்ணிய வாசனையைக் காற்று விரைவில் கொண்டுபோய்விடும். முன்பொருமுறை இதைவிடப் பழைய புட்டியொன்றை விருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே ஊற்றி வைத்தேன். விருந்தினர் உட்கார்ந்தபோது வெறும் புளிப்புதான் எஞ்சியிருந்தது.

ஆகவே, வெள்ளிக்கிழமையே புட்டியை நிமிர்த்தி வை. இரண்டு நாளில் மண்டி அடியில் இறங்கிவிடும். ஒயினின் மட்டம் கழுத்தில் இருந்தால் கவலையில்லை. தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் தக்கை வழியே காற்று புகுந்திருக்கலாம் என்று மனத்தைத் தயார்படுத்திக்கொள். இத்தனை ஆண்டுப் பழைய தக்கையைத் திருகாணி துளைத்துப் பொடியாக்கிவிடும். ஆகவே இரண்டு மெல்லிய தகடுகள் கொண்ட திறப்பானை இருபுறமும் இறக்கி, மெதுவாகத் திருகிக்கொண்டே இழு. முதலில் சிறிதளவு ஊற்றி முகர்ந்து பார். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் தக்கையால் கெட்ட ஒயின். அதற்கு மாற்று மருந்தில்லை.

நன்றாக இருந்தால், உணவு மேசைக்கு வரும் நேரத்தில், புட்டிக் கழுத்தின் பின்னால் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு, கை நடுங்காமல் ஒரே ஊற்றாக டிகாண்டருக்கு மாற்று. மண்டி கழுத்தை எட்டுவது தெரிந்ததும் நிறுத்து. மண்டியைப் பிரிப்பதற்கு மட்டுமே இந்த டிகாண்டர். உங்கள் பாரிஸ் குடியிருப்பு கோடையில் கொதிக்கும் என்பதால், 16 முதல் 18 பாகை செல்சியஸுக்குள் பரிமாறுவதற்கு முன்கூட்டியே சற்றுக் குளிர்விக்க வேண்டியிருக்கும்.

உணவைப் பொறுத்தவரை, போயாக் ஊரார் தங்கள் ஆட்டுக்குட்டி இறைச்சியை எளிமையாக வாட்டி இதனுடன் உண்பார்கள். அம்மாவின் மிளகாய்த்தூள் கறியை அன்று மட்டும் தள்ளி வை. அந்தக் காரத்தின் முன் இந்த ஒயின் வாய்திறக்காது. ஒருவருக்கு அரைக் கோப்பைக்கும் குறைவாக ஊற்று, ஆனால் ஒரு மணி நேரம் எடுத்துக் குடியுங்கள். முதல் மடக்கும் கடைசி மடக்கும் ஒன்றாக இருக்காது. மீதம் வைக்காதே, மறுநாளுக்கு அது தாங்காது.

தக்கையை எறிந்துவிடாதே. அதன்மேல் அச்சாகியிருக்கும் எழுத்துகளில் எவ்வளவு இன்னும் படிக்க முடிகிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்