2024இன் இருபது பாட்டு: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

2024இல் வந்த தமிழ்ப் பாட்டுகளில் உனக்குப் பிடித்த இருபதைப் பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறாய். வருஷம் முடிந்து இவ்வளவு நாள் கழித்து இது எதற்கு என்று கூச்சப்படாதே. டிசம்பர் கடைசி வாரத்தில் அவசரமாகப் போடுவதைவிட, சூடு ஆறின பிறகு போடுவதே மேல். ஆனால் உன் இருபதில் பதினாலு பாட்டு ஆகஸ்ட்டுக்குப் பிறகு வந்தவை. கடைசியாகக் கேட்டதுதான் மனசில் மேலே மிதக்கும். மாச வாரியாக ஒரு தாள் போட்டு, மாசத்துக்கு ஐந்து பாட்டாவது எழுது. அப்புறம் வெட்டு. மே மாசம் வந்த ராயனின் ‘அடங்காத அசுரன்’ உன் பட்டியலில் எங்கே போனது என்று அப்போது நீயே கேட்பாய்.

அடுத்து தேதிக் கணக்கு. பாட்டு வந்த நாளா, படம் வந்த நாளா? இதை முதலிலேயே முடிவு செய்யாமல் போனதால்தான் உன் பட்டியல் குழம்பிக் கிடக்கிறது. கேப்டன் மில்லர் 2024 ஜனவரியில் வந்தது, ‘கில்லர் கில்லர்’ 2023 நவம்பரிலேயே வந்துவிட்டது. நீ அதைச் சேர்த்திருக்கிறாய். ‘கோல்டன் ஸ்பாரோ’ 2024 ஆகஸ்ட்டில் வந்தது, அது இடம்பெற்ற ‘நிலவுக்கு என் மேல் என்னடி கோபம்’ படம் 2025 பிப்ரவரியில். அதை விட்டுவிட்டாய். ஒரே பட்டியலில் இரண்டு விதி! என் கட்சி பாட்டு வந்த நாள்தான், ஏனென்றால் நாம் கணக்கெடுப்பது பாட்டை. ஒரே ஒரு விலக்கு வைத்துக்கொள்: டிசம்பர் 15க்குப் பிறகு வந்ததை அடுத்த வருஷத்துக்குத் தள்ளு. விடாமுயற்சியின் ‘சவடீக்கா’ டிசம்பர் 27இல் வந்தது. நாலு நாளில் ஒரு பாட்டுக்கு என்ன தீர்ப்புச் சொல்ல முடியும்? இப்படித் தள்ளாவிட்டால் இந்த மாதிரிப் பாட்டு இரண்டு வருஷப் பட்டியலிலும் இடமில்லாமல் அநாதையாகிவிடும்.

லப்பர் பந்து பார்த்துவிட்டு ஊரே ‘நீ பொட்டு வச்ச தங்கக் குடம்’ பாடியது உண்மைதான். ஆனால் அது 1989இல் வந்த பொன்மனச் செல்வன் பாட்டு, இளையராஜா இசை. அடிக்குறிப்பாகப் போடு, எண் கொடுக்காதே. செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய குரல்கள் வேறு விஷயம். கோட் படத்தின் ‘சின்ன சின்ன கண்கள்’ பாட்டில் பவதாரிணி, வேட்டையனின் ‘மனசிலாயோ’வில் மலேசியா வாசுதேவன். பவதாரிணி 2024 ஜனவரியில் காலமானார், வாசுதேவன் 2011இலேயே. இரண்டும் புதுப் பாட்டுகள்தான், சேர்க்கலாம். ஆனால் பாடகர் பெயருக்குப் பக்கத்தில் அதைக் குறித்துவிடு. பிற்காலத்தில் படிக்கிறவன் அவர்கள் ஸ்டுடியோவுக்கு வந்து பாடியதாக நினைத்துவிடக் கூடாது.

இனி கேட்கிற முறை. உன் பட்டியலில் பாதி, ரீல்ஸில் கேட்ட பாட்டுகள் என்று தெரிகிறது. ரீல்ஸில் கிடைப்பது முப்பது விநாடிப் பல்லவி. ஸ்பாட்டிஃபையிலும் முப்பது விநாடி ஓடினாலே ஒரு கேட்பு என்று கணக்கு. அதனால் கேட்பு எண்ணிக்கையை வைத்து வரிசை போடாதே. பாட்டின் தரம் தெரிகிற இடம் இரண்டாம் இடையிசையும் இரண்டாம் சரணமும்தான். முதல் சரண மெட்டையே வார்த்தை மாற்றி ஓட்டியிருக்கிறார்களா, வாத்தியம் ஏதாவது புதிதாகச் சேர்கிறதா, பல்லவிக்குத் திரும்புகிற இடம் இழுபடுகிறதா என்று பார். அமரனின் ‘ஹே மின்னலே’, ‘வெண்ணிலவு சாரல்’ இரண்டையும் இப்படி முழுசாகக் கேள். எனக்கு இரண்டாவதுதான் மேலே. படம் பார்த்துவிட்டுக் கேட்டால் காட்சி பாட்டைத் தூக்கிப் பிடிக்கும் என்பதையும் கழித்துக்கொள்.

இன்னொரு ஏமாற்று, சத்த அளவு. இரண்டு டெசிபல் கூடுதலாக ஒலிக்கிற பாட்டு ‘நல்லா இருக்கே’ என்று தோன்றவைக்கும். குத்துப் பாட்டுகளைச் சத்தமாகவே மாஸ்டர் செய்கிறார்கள், அதாவது கடைசியாக ஒலியைச் சரிசெய்யும்போதே சத்தத்தை ஏற்றிவிடுகிறார்கள். மெய்யழகனில் கமல் பாடிய ‘யாரோ இவன் யாரோ’ போன்ற ஒன்றை அதற்கு அடுத்துப் போட்டால் சோனியாகத் தெரியும். குற்றம் பாட்டில் இல்லை. செயலியில் சத்தத்தைச் சமப்படுத்தும் அமைப்பை இயக்கிவிட்டு ஒப்பிடு. போன் ஸ்பீக்கரிலும் தீர்ப்புச் சொல்லாதே, அதில் அடித்தாளமே வராது.

தாளில் பாடலாசிரியருக்கென்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். நீ இசையமைப்பாளர் பெயரோடு நிறுத்திவிட்டாய். தங்கலானின் ‘மினிக்கி மினிக்கி’ எழுதியவரும் ‘யாரோ இவன் யாரோ’ எழுதியவரும் ஒருவரே, உமாதேவி. முன்னது துள்ளல், பின்னது தொண்டை அடைக்கிற பாட்டு. இரண்டையும் ஒரே கை எழுதியது என்பது அந்தக் கட்டம் இருந்தால்தான் கண்ணில் படும்.

காருக்குப் பென்டிரைவ் கேட்டிருந்தாய் அல்லவா? செயலியில் ‘டவுன்லோட்’ செய்தது அந்தச் செயலிக்குள்தான் ஓடும், பென்டிரைவில் ஏறாது. காசு கொடுத்து வாங்கிய எம்பி3 கோப்பு வேண்டும். பென்டிரைவை ஃபேட்32 என்கிற கோப்பு முறையில் ஃபார்மட் செய். என்டிஎஃப்எஸ் என்கிற இன்னொரு முறை என்றால் பல கார் ஸ்டீரியோ திரும்பியே பார்க்காது. கோப்புப் பெயரை 01, 02 என்று தொடங்கு. வெறும் 1, 2 என்று போட்டால் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும். தமிழில் பெயர் வைத்தால் சில ஸ்டீரியோ கட்டம் கட்டமாகக் காட்டும், ஆங்கில எழுத்தே போதும். பழைய ஸ்டீரியோ சில, பெயரைப் பார்க்காமல் காப்பி செய்த வரிசையில் ஓட்டும். அதனால் ஒவ்வொன்றாக, வரிசைப்படி காப்பி செய்.

சத்தத்தைச் சமப்படுத்த எம்பி3கெய்ன் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. இலக்கு 89 டெசிபல் என்று வந்து நிற்கும், அப்படியே விடு. அது கோப்பை மறுபடி சுருக்காமல் 1.5 டெசிபல் படிகளில் ஏற்றி இறக்கும், தரம் கெடாது. எல்லாப் பாட்டும் சன்னமாகிவிட்டதே என்று இலக்கை 95க்கு ஏற்றாதே, உச்ச இடங்களில் கரகரக்கும். ஸ்டீரியோவில் சத்தத்தைக் கூட்டிக்கொள்.

வரிசையில் மூன்று குத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் வைக்காதே. நாலாவதில் அம்மா ஸ்டீரியோவை அணைத்துவிடுவாள். திருத்திய பட்டியலை அனுப்பு, இருபதில் ஜனவரி முதல் ஜூன் வரைக்கும் வந்தவை குறைந்தது எட்டுப் பாட்டாவது இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்