பலிக்கு முன் தூவிய மாவு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய ரோமானியர்களின் வழிபாடு பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். காளையும் பன்றியும் ஆடும் வெட்டுப்பட்ட கதைதான் பக்கம் முழுக்க. வெட்டுவதற்கு முன் அந்த மிருகத்தின் தலையில் தூவிய மாவைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. 30 வருடமாக மாவு மில் நடத்துகிறவன் நான். எனக்கு அது உறுத்தலாக இருந்தது.

அந்த மாவுக்கு மோலா சல்சா என்று பெயர். உப்பிட்ட மாவு என்று அர்த்தம். பலியிடுவதற்கு லத்தீனில் உள்ள சொல்லே 'இம்மோலாரே'. மாவு தூவுவது என்பதுதான் அதன் மூலப் பொருள், கொல்வது என்ற அர்த்தம் பிறகு வந்து ஏறியது.

தானியம் 'ஃபார்' என்கிற பழைய கோதுமை, நாம் சம்பா கோதுமை என்று சொல்லும் அதே இனம். மே 7 முதல் 14 வரை ஒன்றுவிட்டு ஒரு நாள், அடுப்புத் தெய்வமான வெஸ்டாவின் கோயிலில் பூசை செய்த ஆறு கன்னியரில் மூத்த மூவர் கதிர்களைக் கூடையில் சேர்ப்பார்கள். வறுப்பது, இடிப்பது, அரைப்பது எல்லாம் அவர்கள் கையால்தான். வறுக்காத ஃபார் தெய்வத்துக்கு ஆகாது என்று ரோமின் பழைய மன்னர் நூமா விதித்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். இந்த வேலை தெரிந்தவர்களுக்கு அதன் காரணம் உடனே பிடிபடும். சம்பா கோதுமையில் உமி மணியை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும், அடித்தால் விடாது. வறுத்தால் முறுகி, உரலில் குத்தும்போது கழன்று வரும். களத்து அறிவுதான் அங்கே சாஸ்திரமாகியிருக்கிறது.

உப்புக்கும் அதே கவனம். கல்லுப்பை உரலில் இடித்து, மண் பானையில் போட்டு வாயை ஜிப்சம் பூசி அடைத்து, அடுப்பில் சுடுவார்கள். கட்டியாக இறுகியதை இரும்பு ரம்பத்தால் அறுத்து எடுப்பார்கள். சேர்க்கும் தண்ணீர் ஓடும் தண்ணீராக இருக்க வேண்டும், குழாய் வழியே வந்தது கூடாது. அத்தனை பெரிய கால்வாய்கள் கட்டிய ஊரில் இப்படி ஒரு விதி! மாவும் இந்த உப்பும் சேர்ந்து மோலா சல்சா ஆவது வருடத்தில் மூன்றே நாட்களில்: பிப்ரவரி 15, ஜூன் 9, செப்டம்பர் 13.

காளை வாங்கிப் பலியிட எல்லோராலும் முடியுமா? சாம்பிராணிக்கு வழியில்லாதவர்கள் வெறும் உப்பு மாவைப் படைத்தே தெய்வத்தின் அருளைப் பெற்றார்கள், முடிந்ததை வைத்துக் கும்பிட்டவரை யாரும் குறை சொன்னதில்லை என்றும் பிளினி சொல்கிறார். பலியை மட்டும் எழுதினால் இந்த எளிய ஜனங்கள் கணக்கிலேயே வராமல் போகிறார்கள். என் வருத்தம் இதுதான்.

அடுத்த வாரம் வெஸ்டா கோயில் பற்றி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். சரி, அதிலாவது இந்த மாவுக்கு இடம் கொடுங்கள். வெஸ்டாவின் திருநாளான ஜூன் 9 அன்று மாவரைக்கும் கழுதைகளின் கழுத்தில் ரொட்டிகளைக் கோத்து மாலை போட்டு, எந்திரக்கல்லை ஓட்டாமல் நிறுத்தி வைப்பார்கள். அதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
மாவு மில் நடத்தும் ஒரு வாசகர்,
தாராபுரம்