துளையையும் மெஷினிடமே கொடுங்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சி.என்.சி. (கணினி சொல்லும்படி வெட்டும் மெஷின்) பட்டறை நடத்தும் அண்ணன்மாருக்கும் நானாமாருக்கும், மெஷினில் நிற்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம், ஸலாம்.

நான் உயர்தர வகுப்புக்குப் பொறியியல் தொழில்நுட்பவியல் படிப்பிக்கிறேன். வீடு கல்லடியில், கடலுக்குக் கிட்ட. உங்கள் பட்டறைகளைக் கடந்து போகும்போதெல்லாம் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பேன். ஓடாவி ஒருவர் நாள்கணக்கில் உளியோடு இருந்து செதுக்கிய பூவேலையை, இன்று கணினியில் வரைந்து மெஷினுக்குக் கொடுத்தால் முதிரைக் கதவில் அப்படியே இறக்கிவிடுகிறது. அரை மில்லிமீற்றர் பிசகாது. அந்தக் கவனம் ஸ்குரூ பூட்டும் இடத்திலும் வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மூன்று வருடத்துக்கு முன் மகளுக்கு ஒரு படிப்பு மேசை செய்வித்தேன். 18 மில்லிமீற்றர் எம்.டி.எவ். பலகை. வெட்டிய விளிம்பில் கை வைத்தால் வழுக்கும், அவ்வளவு நேர்த்தி. லாச்சியின் முகப்பில் அவளுடைய பெயரையும் செதுக்கித் தந்தார்கள். வீடு மாறியபோது மேசையைக் கழற்றினோம். திரும்பப் பூட்டப் போனால் ஒரு ஸ்குரூ சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்கவில்லை. வெளியே எடுத்தால் புரி முழுக்க மா மாதிரித் தூள். இன்னொன்று தலை முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. பக்கப் பலகையின் விளிம்பு, நனைந்த புத்தகம் போல நடுவால் விரிந்து கிடந்தது. வெட்டிய வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அத்தனையும் பூட்டிய இடத்தில் போனது.

முறிந்தது கறுப்பு ஸ்குரூ. அது ஜிப்சம் பலகை பூட்டுவதற்காக வந்தது. கடினமாக்கிய இரும்பு என்பதால் வளையாது, முறியும். மேலே இருக்கும் கறுப்புப் பூச்சு உப்புக்காற்றில் நிற்காது. எம்.டி.எவ். பலகையோ மர நார்களை அழுத்திச் செய்தது. அதன் விளிம்பில் துளை போடாமல் ட்ரில்லால் ஸ்குரூவை நேரே ஏற்றினால், அது ஆப்பு மாதிரி நார்களை இரண்டு பக்கமும் தள்ளும். அன்றைக்கு இறுக்கமாகத்தான் தெரியும். கழற்றிப் பூட்டும்போதுதான் வெளிக்கும்.

இதற்கென்றே கன்ஃபர்மாட் என்று ஒரு ஸ்குரூ இருக்கிறது. தடித்த உடம்பு, ஆழமான புரி. வழக்கமான அளவு 7க்கு 50 மில்லிமீற்றர். மேற்பலகையின் முகத்தில், அதாவது அகன்ற பக்கத்தில், 7 மில்லிமீற்றர் துளை, மற்றப் பலகையின் விளிம்பில் 5 மில்லிமீற்றர் துளை. பலகையின் நுனியில் இருந்து ஐந்து சென்ரிமீற்றராவது உள்ளே தள்ளிப் போட வேண்டும். முகத்துத் துளையை உங்கள் மெஷினே போடும். வெட்டும் ஃபைலிலேயே அதையும் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. விளிம்புத் துளைதான் சிக்கல். மேலிருந்து கீழே இறங்கும் மூன்று அச்சு மெஷினுக்குப் பலகையின் பக்கவாட்டில் துளைக்க வழியில்லை. அதற்கு ஒரு ஜிக் போதும். 18 மில்லிமீற்றர் பலகை என்றால் முகத்தில் இருந்து சரியாக 9 மில்லிமீற்றரில், விளிம்பின் நடுவில், ட்ரில்லைப் பிடித்துக் கொடுக்கும் சின்னக் கட்டை. அந்தக் கட்டையையும் உங்கள் மெஷினே வெட்டித் தரும்.

அலுமாரிக் கதவுப் பிணைச்சலுக்கு 35 மில்லிமீற்றர் வட்டக் குழி, தட்டு தாங்கும் முளைகளுக்கு 32 மில்லிமீற்றர் இடைவெளியில் 5 மில்லிமீற்றர் துளைகள். இந்த அளவுகளை ஒரு தடவை கணினியில் வரைந்து வைத்தால் எத்தனை அலுமாரிக்கும் அதுவே உதவும். அடிக்கடி கழற்ற வேண்டிய இடம் என்றால் பலகைக்குள் உலோகப் புரி ஒன்றைப் பதித்துவிட்டு எம்6 (6 மில்லிமீற்றர் தடிப்பு) போல்ட் போடுங்கள். பிறகு பத்துத் தடவை கழற்றினாலும் தேய்வது மரமல்ல.

கடற்கரைப் பக்கம் வீடு உள்ளவர்களிடம் துருப்பிடிக்காத போல்ட் வேண்டுமா என்று நீங்களே முந்திக்கொண்டு கேளுங்கள். வாங்குகிற எங்களுக்கு அது தெரியாது. தலையில் ஏ2 என்று பொறித்திருந்தால் அது 304 ரகம், ஏ4 என்றால் 316. பின்னதில் மொலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை அதிகம் தாங்கும். விலை கூடத்தான். ஆனால் வெளி வாசலில் போடும் வாங்குக்கு எட்டுப் போல்ட்தானே.

லேசர் மெஷினும் வைத்திருப்பவர்களிடம் இடையில் ஒன்று சொல்ல வேண்டும். அக்ரிலிக் வெட்டுங்கள், ப்ளைவுட் வெட்டுங்கள், பி.வி.சி.யை மட்டும் லேசரில் வைக்கவே வேண்டாம். அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைட் வாயு வரும். மெஷினின் இரும்பையே அரிக்கிற அந்த வாயுவைப் பக்கத்தில் நிற்கும் தம்பியும் சுவாசிக்கிறான்.

அப்புறம் எங்கள் பிள்ளைகள். 2013இல் உயர்தரத்துக்குத் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. மெஷினுக்குக் கொடுக்கும் கட்டளைகளில் ஜி01 என்றால் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு போ, ஜி02 என்றால் வலஞ்சுழியாக வளை என்று என் மாணவர்கள் பாடமாக்கி ஒப்புவிப்பார்கள். அந்தக் கட்டளைக்கு மெஷின் அசைவதை அவர்களில் பலர் கண்டதில்லை. 6 மில்லிமீற்றர் பிட் (சுழன்று வெட்டும் அலகு) ஓடினால் உள்மூலை சதுரமாக வராது, 3 மில்லிமீற்றர் ஆரத்தில் வளைந்துதான் நிற்கும் என்பதைப் பலகையில் விரலை வைத்துப் பார்த்தவனுக்கு யாரும் திரும்பச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு காலை, ஐந்தாறு பிள்ளைகள், ஒரு மணித்தியாலம் போதும். கூட நானும் வந்து நிற்பேன்.

மேலே சொன்ன ஜிக்கை வகுப்பில் வரைந்து முடித்துவிட்டோம். சம்மதிக்கும் பட்டறைக்கு ஃபைலைப் பென் ட்ரைவில் கொண்டுவருகிறேன். கழிவில் கிடக்கும் 18 மில்லிமீற்றர் பலகைத் துண்டு ஒன்றை எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
ஒரு தொழில்நுட்ப ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு