அந்த ‘இனி’ எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துப்பாக்கி சுடும் வீராங்கனைகள் பற்றிப் போன ஞாயிறு நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பாரிஸில் மனு பாக்கர் வாங்கிய இரண்டு வெண்கலத்தில் ஆரம்பித்து, கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் வரை வந்து, குமரி மாவட்டப் பெண்களும் இனி துப்பாக்கி ஏந்தலாம் என்று முடித்திருந்தீர்கள். அந்த ‘இனி’தான் என்னை எழுத வைத்தது. 1980களின் நடுவில் நாகர்கோவிலில் ஒரு பெண்கள் கல்லூரியின் என்சிசி துப்பாக்கி அணியில் நான் இருந்தேன். எனக்கு முன்னால் சுட்ட அக்காமார்தான் சுடுவதற்குக் குப்புறப் படுக்கவே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள்தானே.

துப்பாக்கி என்றாலே நம் மாவட்டத்தில் எல்லாரும் நேராக 1741க்குப் போய்விடுவார்கள். டச்சுக்காரரைத் திருவிதாங்கூர் தோற்கடித்த குளச்சல் போர், அதில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், உதயகிரிக் கோட்டையில் வார்த்த பீரங்கி. 1985க்கு வர யாருக்கும் நேரமில்லை.

என்சிசியில் பெண்கள் பிரிவு 1949லேயே தொடங்கிவிட்டது. எங்களுக்குச் சுடக் கிடைத்தது .22 ரைஃபிள். எடை மூன்று கிலோவுக்கும் குறைவுதான். ஆனால் பட்டாலியன் ஆயுத அறையிலிருந்து காவலோடு வரும், சுட்டு முடித்ததும் காவலோடு திரும்பிவிடும். வருஷத்தில் அதைத் தொட்ட நாட்களை விரல்விட்டு எண்ணலாம். மற்ற நாளெல்லாம் டிரில்லுக்கென்று வைத்திருந்த டிபி ரைஃபிள்தான், குண்டு போடவே முடியாத செத்த துப்பாக்கி. வராந்தாவில் தார்ப்பாயை விரித்துக் குப்புறப் படுத்துக்கொள்வோம். குழல் முனையில் ஒருத்தி நாலணாவை வைப்பாள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி விசையை இழுக்க வேண்டும், காசு விழக்கூடாது. விழுந்தால் அன்றைய டீ நம் செலவு. நான் நிறைய டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

சுடும் நாளில் மலையடிவாரத்து மண்மேட்டுக்கு லாரியில் கூட்டிப்போவார்கள். 25 கெஜம், ஆளுக்கு 5 குண்டு. ஆடி மாசமென்றால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று சும்மா விடாது. அந்தத் தூரத்தில் காற்று குண்டைப் பெரிதாகத் திருப்பாது, ஆனால் கண்ணில் மண்ணை அள்ளிப் போடும். உஸ்தாத் என்று நாங்கள் கூப்பிட்ட வடக்கத்திப் பயிற்சியாளர் இந்தியில்தான் கத்துவார். ‘பர்’ என்றால் குண்டு போடு, ‘காலி கர்’ என்றால் எடுத்துவிடு. எங்களில் பாதிப்பேருக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். முதலில் குரூப்பிங். ஐந்து குண்டும் எங்கே வேண்டுமானாலும் விழட்டும், ஒன்றுக்கொன்று பக்கத்தில் விழ வேண்டும். நடுவில் விழுவது பற்றிய கவலையெல்லாம் அப்புறம்.

சுட்டபிறகு காலிக் கேஸை, அதாவது தோட்டாவின் வெற்றுக் கூட்டை, எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒரு நாள் ஒன்று குறைந்தது. சாயங்காலம் வரைக்கும் புல்லைக் கையால் அளைந்து தேடினோம். உஸ்தாத் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. கடைசியில் என் வலது பக்கம் படுத்திருந்தவளின் மடித்துக் கட்டிய சடைக்குள் அது கிடந்தது, என் ரைஃபிளிலிருந்து தெறித்தது. கழுத்தில் சுரீரென்று ஏதோ பட்டதாம். எறும்பு கடித்ததாக நினைத்து அசையாமல் படுத்திருந்திருக்கிறாள். அன்றைக்கு நன்றாகச் சுட்டதும் அவள்தான். வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “தோக்கு பிடிச்ச பிள்ளைய எவன் கெட்டுவான் மக்களே?”

மதுரையில் நடந்த ஒரு போட்டிக்குக் கட்டபொம்மன் பஸ்ஸில் போனோம். அங்கே கொடுத்த ரைஃபிள் இடது பக்கம் இழுத்தது. எங்கள் சீனியர் அக்கா முதல் இரண்டு குண்டிலேயே அதைக் கண்டுபிடித்து, கறுப்பு வட்டத்தின் வலது ஓரத்தைக் குறிவைத்து மீதி மூன்றையும் நடுவில் இறக்கினார். நான் அது இழுத்த பக்கமே போனேன்.

ஒலிம்பிக்கில் பெண்களுக்கென்று தனியாகத் துப்பாக்கிப் போட்டிகள் வந்ததே 1984இல்தான். அதற்கு எட்டு வருஷம் முன்பு மான்ட்ரியலில் அமெரிக்காவின் மார்கரெட் முர்டாக் ஆண்களோடு சேர்ந்து சுட்டு, லானி பாஷம் எடுத்த அதே புள்ளிகளை எடுத்தார். விதிப்படி தங்கம் பாஷமுக்குப் போனது. அவர் மேடையில் முர்டாக்கைக் கைப்பிடித்துத் தன் படியிலேயே ஏற்றிக்கொண்டார். 1984இல் கல்கத்தாவின் துப்பாக்கி வீராங்கனை சோமா தத்தா லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்குப் போன செய்தியை நாங்கள் ஹாஸ்டல் பேப்பரிலிருந்து வெட்டி வைத்திருந்தோம். வார்டன் தேடியது அந்தப் பக்கத்தைத்தான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். பம்பாயில் அஞ்சலி பாக்வத் துப்பாக்கி பிடிக்கத் தொடங்கியதும் என்சிசியில்தான். 2000இல் சிட்னி ஒலிம்பிக் இறுதிச்சுற்று வரை போனார். எங்களுக்கோ கடைசிப் பரீட்சையோடு சரி. ரைஃபிள் ஆயுத அறைக்குப் போனது, நாங்கள் கல்யாணத்துக்கும் வேலைக்கும் போனோம்.

சரி, போகட்டும். ஆனால் சுட்டதற்கான தடயமாவது வேண்டாமா? அமெரிக்கக் கல்லூரிகளில் 1920களிலேயே மாணவிகளின் ரைஃபிள் அணிகள் இருந்தன. அவர்கள் தபாலில் போட்டி போட்டார்கள். அவரவர் ஊரில் சாட்சி வைத்துச் சுட்டுவிட்டு, முடிவை எதிரணிக்கு அஞ்சலில் அனுப்புவது. அனுப்பியாக வேண்டுமென்றால் எழுதியாக வேண்டும், எழுதினால் எங்கேயாவது மிஞ்சும். நாங்களோ சுட்ட இலக்குத் தாளில் மைதா பசை தடவி, ஓட்டைகளின் மேல் துண்டுக் காகிதம் ஒட்டி அடுத்தவளுக்குக் கொடுத்துவிடுவோம். நன்றாகச் சுட்டவளுக்கு ஒரே ஒட்டு போதும். என்னைப் போன்றவளுக்கு ஐந்து ஒட்டு. கல்லூரி ஆண்டு மலரைப் போன வருஷம் போய்ப் புரட்டினேன். முகாமுக்கு வந்த சிறப்பு விருந்தினரின் படம் அரைப்பக்கம் இருக்கிறது. சுட்டவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. பழைய என்சிசி பதிவேடுகளைக் கேட்டால், அலமாரியோடு கரையான் தின்றுவிட்டது என்றார்கள்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நாகர்கோவில், சுங்கான்கடை, குழித்துறை என்று நம் மாவட்டத்துப் பெண்கள் கல்லூரிகளில் படித்த பழைய கேடட்டுகள், வீட்டில் கிடக்கும் படம், சான்றிதழ், முகாம் டைரி எதுவானாலும் நகலெடுத்து உங்களுக்கு அனுப்பும்படி ஒரு சிறு அறிவிப்பு போடுங்கள். எங்கள் சீனியர் அக்காமார் பலருக்கு அறுபது தாண்டிவிட்டது. இப்போதே கேட்டால்தான் உண்டு.

என்னிடம் ஒட்டுப் போடாத தாள் ஒன்று பீரோவில் இருக்கிறது. கடைசிப் பரேடில் உஸ்தாத் கொடுத்தது. முதல் தபாலாக அதன் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். நான்கு ஓட்டைகள் தெளிவாகத் தெரியும். ஐந்தாவதைத் தேட வேண்டாம், அது தாளிலேயே இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
தக்கலை