வீட்டில் வாசிக்கப் பழைய பாணி கிட்டார் ஆம்ப் தேடும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வாசிக்க நல்ல வால்வு ஆம்ப் எது? 15 வாட் போதுமா, 22 வாட் வேண்டுமா?" என்று பலரும் கேட்கிறீர்கள். ஆம்ப் என்பது கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி; வால்வு ஆம்பில் அந்த வேலையைக் கண்ணாடிக் குழாய் வால்வுகள் செய்கின்றன. கடையில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதி அனுப்புகிறோம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அடுக்குமாடி வீட்டுக்கு 15 வாட்டும் அதிகம், 5 வாட்டும் அதிகம். சத்தத்தைப் பேச்சுக்குரல் அளவை ஒட்டி இறக்கி வைக்கும்போது எந்த ஆம்ப் உங்கள் காதுக்கு இன்னும் உயிரோடு ஒலிக்கிறதோ, அதையே வாங்குங்கள்.

கணக்கைப் பாருங்கள். சாதாரண கிட்டார் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 97 முதல் 100 டெசிபல் வரை வரும். செலஸ்டியன் கிரீன்பேக்கின் அளவு 98, அதே நிறுவனத்தின் ஆல்நிகோ புளூவின் அளவு 100. வேலையிடங்களுக்கான ஒரு செவிப் பாதுகாப்பு அளவுகோலின்படி 85 டெசிபலை 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 97 டெசிபலுக்கு அரை மணி நேரம்தான். படுக்கையறையில் நிம்மதியாக வாசிக்க 80 டெசிபல் தாராளம். 97 டெசிபல் ஸ்பீக்கரில் அதற்குத் தேவைப்படுவது ஒரு வாட்டில் 50இல் ஒரு பங்கு.

வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதாவது 10 மடங்கு வாட். ஆகவே 22 வாட் ஆம்புக்குப் பதில் 5 வாட் வாங்கினால் குறைவது சுமார் 6 டெசிபல். "சின்ன ஆம்ப் வாங்கிவிட்டேன், இனி முழுதாகத் திறந்து வாசிக்கலாம்" என்று நினைப்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

பிறகு ஏன் எல்லோரும் ஆம்பைத் திறந்து வாசிக்கச் சொல்கிறார்கள்? 1950, 60களின் ஆம்ப்களில் பெரும்பாலும் மாஸ்டர் வால்யூம், அதாவது வெளியே வரும் சத்தத்தை மட்டும் தனியே குறைக்கும் குமிழ், கிடையாது. இருப்பது ஒரே வால்யூம் குமிழ். அதை ஏற்ற ஏற்ற முன்பகுதி (பிரீஆம்ப்) வால்வு, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு, அவுட்புட் டிரான்ஸ்பார்மர், ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு என எல்லாம் சேர்ந்து திணறும். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையரும் வால்வாக உள்ள ஆம்பில், பலமாகத் தட்டிய நொடியில் உள் மின்னழுத்தம் சற்று இறங்கி மெல்ல ஏறும். அதனால் அடி மென்மையாகி, நாதம் நீளும். அந்தச் சுவை முழுவதும் உரத்த சத்தத்தோடு கட்டிப் போடப்பட்டது. சத்தத்தைக் குறைத்தால் அதில் பெரும்பகுதி போய்விடும். இதோடு நம் காதும் சேர்ந்துகொள்கிறது. 1933இல் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியபடி, ஒலி குறையும்போது காதுக்கு அடித்தாயி (பேஸ்) முதலில் மங்கும், உச்சமும் (டிரெபிள்) ஓரளவு மங்கும். மெல்ல வாசிக்கும்போது ஆம்ப் "தட்டையாக" ஒலிப்பதில் பாதிக் காரணம் நம் காதே.

இனி எந்த ஆம்ப் என்பதற்கு வருவோம்.

ஃபெண்டர் சாம்ப் வகை: ஒரே ஒரு 6வி6 பவர் வால்வு, சுமார் 5 வாட், 8 அங்குல ஸ்பீக்கர். சுற்று மிக எளிது. பழுது குறைவு, பழுதுபார்ப்பதும் சுலபம். நடுத்தாயி துருத்திக்கொண்டு சீக்கிரம் கரகரக்கும். ஆனால் பாதி வால்யூமுக்கு மேல் போனால் 100 டெசிபலைத் தொடும். பகலில், ஜன்னல் சாத்திய கூடத்தில், அரை மணி நேரம் வாசிக்க அருமையான ஆம்ப். இரவுக்கு உதவாது.

பிரின்ஸ்டன் ரிவர்ப் வகை: இரண்டு 6வி6, 12 முதல் 15 வாட், 10 அங்குல ஸ்பீக்கர். பழைய பாணியில் ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால் நாங்கள் இதைத்தான் சொல்வோம். வால்யூம் 2இல் கூட மணி போன்ற தெளிவு இருக்கும். சுருள்கம்பி வழியாக எதிரொலி சேர்க்கும் ஸ்பிரிங் ரிவர்ப் குறைந்த சத்தத்திலும் முழுதாக வேலை செய்வதால் அறை பெரிதானதுபோல் தோன்றும். திரைப்பாடல்களின் ஆர்ப்பெஜியோ (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது), தேவாலயப் பாடல்களின் மெல்லிய கார்டு என வாசிப்பவர்களுக்கு இது போதும்.

டீலக்ஸ் ரிவர்ப்: 22 வாட், 12 அங்குலம். மேடையில் இதற்கு இணை குறைவு. வீட்டில் 2க்கு மேல் திருப்ப முடியாது. 85 வாட் ட்வின் ரிவர்பை வீட்டுக்கென்று கேட்டு வருபவர்களை நாங்கள் வாங்கவேண்டாம் என்றே அனுப்புகிறோம்.

வாக்ஸ் ஏசி15, ஏசி30 வேறு குணம். இஎல்84 வால்வுகள், மினுமினுக்கும் உச்சம். இன்று விற்கும் ஏசி15இல் மாஸ்டர் வால்யூம் உண்டு என்பதால் முன்பகுதியை மட்டும் ஏற்றி, வெளியே வரும் சத்தத்தை இறக்கலாம். கரகரப்பு கொஞ்சம் மெலிந்து, ஈ ரீங்கரிப்பதுபோல் ஆகும். அதை ஏற்றுக்கொள்ள முடிந்தால் வீட்டுக்கு ஒத்துவரும். மார்ஷல் வகை, அதாவது ஃபெண்டர் பேஸ்மேன் சுற்றை அடியொற்றி 1962இல் பிறந்த ஜேடிஎம்45இன் வழி வந்தவை, சத்தமின்றி வாசித்தால் எங்களுக்குப் பிடிப்பதில்லை.

கமகம் வைத்து, நரம்பை இழுத்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் தேடுவது கரகரப்பைவிட நாதம் நீள்வதைத்தான். குறைந்த சத்தத்தில் பவர் வால்வு அந்த நீட்சியைத் தராது. தெளிவான ஆம்புக்கு முன்னால் பலத்த ஒலியை அடக்கி, மங்கும் ஒலியைத் தூக்கிப் பிடிக்கும் ஒரு கம்ப்ரஸர் பெடல் வையுங்கள். விலை உயர்ந்த வால்வு ஆம்பைவிட இது உங்களுக்கு அதிகம் உதவும்.

வால்வே இல்லாத இரண்டு வழிகளையும் ஒதுக்கவேண்டாம். ஃபெண்டர் டோன் மாஸ்டர் டீலக்ஸ் ரிவர்ப் உள்ளே முழுக்க டிஜிட்டல். பின்புறத்துச் சுவிட்சில் 22, 12, 5, 1, 0.5, 0.2 வாட் என இறக்கலாம். எடை சுமார் 10.5 கிலோ, வால்வு டீலக்ஸ் 19 கிலோ அளவில் வரும், மின்தூக்கி நிற்காத தளத்தில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. 0.2 வாட்டிலும் முழுதாகத் திறந்தால் 90 டெசிபல் இருக்கும், அதை மறக்கவேண்டாம். அதன் லைன் அவுட்டிலிருந்து கணினியின் ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக ஹெட்ஃபோனில் கேட்கலாம். தெளிந்த ஒலி மட்டும் போதும் என்றால் ரோலண்ட் ஜேசி-22 அல்லது ஜேசி-40 எடுங்கள். 1975இல் வந்த ஜேசி-120இன் வாரிசுகள் இவை. டிரான்சிஸ்டர் ஆம்ப் சத்தத்தைக் குறைத்தாலும் குணம் மாறாது.

ஏற்கெனவே பெரிய வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் அட்டெனுவேட்டர் கேட்கிறார்கள். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே நின்று சக்தியை வெப்பமாக்கும் பெட்டி அது. ஆம்பின் ஓம் அளவும் அட்டெனுவேட்டரின் ஓம் அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். அதன் வாட் தாங்குதிறன் ஆம்பின் வாட்டைப்போல் இரு மடங்காவது இருக்கட்டும். இணைப்புக்கு ஸ்பீக்கர் கேபிளே வேண்டும். கிட்டார் கேபிளை அங்கே செருகுவது நாங்கள் மிக அதிகம் பார்க்கும் தவறு: அதன் மெல்லிய நடுக்கம்பி சூடாகி அறுந்தால் ஆம்ப் சுமையின்றி ஓடும், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரியும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்பை ஓட்டக்கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். 10, 12 டெசிபல் வரை குறைத்தால் ஒலி நன்றாகவே இருக்கும். 20ஐத் தாண்டினால் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் அடைத்துப்போகும். ஆம்ப் முழு வேகத்தில் ஓடுவதால் பவர் வால்வும் சீக்கிரம் தேயும்.

காசே செலவில்லாத வழி: இரண்டு இன்புட் உள்ள ஃபெண்டர் வகை ஆம்பில் 2ஆம் துளையில் செருகுங்கள், 6 டெசிபல் குறையும். செலவு குறைந்த வழி: முதல் பிரீஆம்ப் வால்வான 12ஏஎக்ஸ்7ஐக் கழற்றி 12ஏஒய்7 போடுங்கள். முன்னதன் பெருக்கம் 100, பின்னதன் பெருக்கம் சுமார் 44. வால்யூம் குமிழ் 1க்கும் 2க்கும் இடையில் திடீரென்று பாய்வது நின்று, விரலுக்கு அடங்கும். டீலக்ஸ் ரிவர்பில் ரிவர்ப் உள்ள சேனலுக்கு முதல் வால்வு 2ஆவது இடத்தில் இருக்கிறது. 1ஆவதை மாற்றிவிட்டு வித்தியாசமே இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. மின்சாரத்தைத் துண்டித்து, கால் மணி நேரம் ஆறவிட்டு, பின்பக்கமாகவே மாற்றலாம். உலோகப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும்.

இணையத்தில் வெளிநாட்டிலிருந்து ஆம்ப் வாங்குவோர் இந்தப் பகுதியைத் தயவுசெய்து இருமுறை படியுங்கள். சிங்கப்பூர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானிய ஆம்ப் 100 வோல்ட். பிளக் அடாப்டர் முனையின் வடிவத்தை மட்டுமே மாற்றும். நேராகச் செருகினால் நல்வாய்ப்பிருந்தால் ஃபியூஸ் போகும், இல்லாவிட்டால் டிரான்ஸ்பார்மரே போகும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கும்போது ஆம்பின் பின்னால் எழுதியுள்ள மின் நுகர்வு அளவைப் பாருங்கள். 22 வாட் என்பது ஸ்பீக்கருக்குப் போவது. சுவரிலிருந்து இழுப்பது அதைப்போல் பல மடங்கு. அந்த நுகர்வைப்போல் இரு மடங்கு திறனுள்ளதை எடுங்கள். அதன் வெளித்துளையில் எர்த் இணைப்பு உண்டா என்று உறுதி செய்யுங்கள். மலிவானவை பலவற்றில் இரண்டு துளைதான் இருக்கும்; எர்த் அறுந்த ஆம்பில் பழுது நேர்ந்தால் மின்சாரம் கிட்டார் நரம்பு வழியாக உங்கள் கைக்கு வரும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த டிரான்ஸ்பார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 230 வோல்ட் பதிப்பு இங்கே கிடைக்கும்போது இத்தனை தொல்லை எதற்கு என்பதே எங்கள் எண்ணம்.

கரோசெல் இணையச் சந்தையில் உண்மையான பழைய ஆம்ப் கிடைத்தால் மகிழ்ச்சிதான். இரண்டு கம்பி மின்வடம் இருந்தால் முதலில் தொழில்நுட்பரிடம் கொடுத்து மூன்று கம்பியாக மாற்றி, மின்வடத்துக்கும் உலோகப் பெட்டிக்கும் நடுவே உள்ள கெப்பாசிட்டரை எடுத்துவிடச் சொல்லுங்கள். 20 ஆண்டுக்கு மேல் மாற்றாத ஃபில்டர் கெப்பாசிட்டர்களையும் மாற்றவேண்டும். வாங்கும் விலையோடு இந்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

வைக்கும் இடமும் ஒலியில் பாதி. தரையில் வைத்தால் அடித்தாயி கான்கிரீட் வழியாக நேரே கீழ்வீட்டுக்கு இறங்கும். முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, அடியில் ரப்பர் அல்லது ஃபோம் கொடுத்து, முகப்பை உங்கள் காதை நோக்கிச் சாய்த்து வையுங்கள். காதுக்கு நேராக வந்தால் குறைந்த வால்யூமே போதும். அண்டைவீட்டாரோடு பங்கிடும் சுவரிலிருந்தும் மூலையிலிருந்தும் தள்ளி வையுங்கள். 3 மீட்டர் நீள அறையில் 115 ஹெர்ட்ஸை ஒட்டி ஓர் அதிர்வு குவியும். கிட்டாரின் ஐந்தாம் நரம்பு 110 ஹெர்ட்ஸ். அந்த ஒரு நரம்பு மட்டும் குமுறினால் ஆம்பைக் குறை சொல்லாமல் பேஸ் குமிழை 3க்கு இறக்கி, ஆம்பை ஓர் அடி நகர்த்திப் பாருங்கள். தாழ்வாரத்துப் பக்க ஜன்னல் சாத்தியிருக்கட்டும். இரவு 10 மணிக்குப் பிறகு ஹெட்ஃபோன்.

நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் ஆம்பை ஓடவிட்டால் உள்ளே உலரும். பிளாஸ்டிக் உறையால் இறுக மூடினால் துணியில் பூசணம் பிடிக்கும். பருத்தித் துணி போர்த்துங்கள். குளிர்சாதனக் காற்று நேராக அடிக்கும் இடமும் வேண்டாம். குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால் பெரும்பாலும் ஈரமும் தூசியும்தான்; தொழில்நுட்பர் கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சரியாகிவிடும். "ம்ம்ம்" என்ற இரைச்சல் இருந்தால் முதலில் அறையின் டிம்மர் விளக்கையும் எல்இடி விளக்கையும் அணைத்துப் பாருங்கள். அப்போது நின்றால் ஆம்பில் குறையில்லை.

கடைக்கு வரும்போது உங்கள் கிட்டாரையே கொண்டுவாருங்கள். கைத்தொலைபேசியில் டெசிபல் செயலி ஒன்றைப் பதிவிறக்கி, ஆம்பிலிருந்து 1 மீட்டரில் 75 காட்டும்படி வைத்து, பத்து நிமிடம் வாசியுங்கள். பிறகு வாசிக்காமல் வால்யூமை மட்டும் ஏற்றி இரைச்சலைக் கேளுங்கள். இரண்டு மூன்று ஆம்ப்களை இதே 75இல் வைத்து ஒப்பிடுங்கள்; ஒன்று மற்றதைவிட 2 டெசிபல் கூடியிருந்தாலே அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். அறையின் நீள அகலத்தையும், வீட்டில் வாசிக்கக் கிடைக்கும் நேரம் பகலா இரவா என்பதையும் குறித்து வந்தால் எந்த ஆம்பை முதலில் எடுத்து வைப்பது என்று எங்களுக்குத் தெரியும். வார நாள் முற்பகலில் கடை அமைதியாக இருக்கும்.

அன்புடன்,
கிட்டார் ஆம்ப் பிரிவினர்