செயலாளரின் ஆண்டறிக்கை: மலேரியாவை அறிந்த ஆண்டு

தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இந்த ஆண்டு மாதக் கூட்டங்கள் எல்லாவற்றிலும் மலேரியாவையே எடுத்துக்கொண்டோம். "ஆண்டு முழுக்க ஒரே நோயா?" என்று கேட்டவர்களே பிறகு நேரம் போதவில்லை என்றார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2023-இல் சுமார் 26.3 கோடிப் பேருக்கு மலேரியா கண்டது, 5.97 லட்சம் பேர் இறந்தார்கள். இறப்புகளில் நூற்றுக்கு 95 ஆப்பிரிக்கப் பிராந்தியத்தில். அங்கே இறந்தவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். உடனே ரத்தம் பார்த்து மருந்து கொடுத்தால் குணமாகிற நோய்க்கு இத்தனை பிஞ்சு உயிர்கள் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆய்வகத்தில் பணிபுரியும் நம் உறுப்பினர் ஒருவர், சாயம் ஏற்றிய ரத்தத் தடவலை நுண்ணோக்கியில் காட்டினார். சிவப்பணுவுக்குள் மெல்லிய மோதிரம் போல ஒட்டுண்ணி, அதன் ஓரத்தில் கருஞ்சிவப்பாய் ஒரு புள்ளி. பெண் அனோபிலிஸ் கொசு கடித்ததும் இந்த ஒட்டுண்ணி முதலில் கல்லீரலில் பெருகி, அப்புறம்தான் ரத்தத்துக்கு வருகிறது. ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் கூட்டமாக வெடிக்கும்போது குளிர் நடுக்கமும் காய்ச்சலும் தூக்கிப் போடுகின்றன.

மருந்து தோய்த்த கொசுவலை, ஒட்டுண்ணியைக் கொல்லும் ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்து ஆகியவற்றோடு, குழந்தைகளுக்கு இரண்டு தடுப்பூசிகளும் இப்போது உண்டு. முதலாவதை 2021-இலும் அடுத்ததை 2023-இலும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

அதிக நேரம் பேசியது இலங்கையைப் பற்றி. 1963-இல் அங்கே பதிவான நோயாளிகள் வெறும் 17 பேர். ஒழிந்தது என்று கொசுமருந்துத் தெளிப்பையும் கண்காணிப்பையும் தளர்த்தினார்கள். 1968-69-இல் ஐந்து லட்சம் பேருக்கு மேல் காய்ச்சலில் விழுந்தார்கள். மலேரியா இல்லாத நாடு என்ற சான்று கிடைக்க 2016 வரை ஆனது. எண்ணிக்கை குறைந்த பிறகும் பணமும் ஆளும் விடாமல் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆனால் 2023-இல் உலக அளவில் தேவைப்பட்ட 830 கோடி டாலரில் கிடைத்தது சுமார் 400 கோடிதான்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைக்கிறார்.

நகரத் தண்ணீர்த் தொட்டிகளில் பெருகி மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெஃபென்சி கொசு, 2012-இல் கிழக்கு ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் தென்பட்டது முதல் ஆப்பிரிக்காவில் பரவி வருகிறது. அடுத்த ஆண்டு அதை எடுத்துக்கொள்ளச் செயற்குழு முன்மொழிகிறது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்